மறுக்க முடிந்தோர் கடமை

கடமை என்னும் சொல் நம் நாட்டில் இரண்டு வாழ்வு வாழ்ந்திருக்கிறது. சோழர் காலத்துக் கல்வெட்டுகளைப் படித்தோர் அறிவர்: அங்கே கடமை என்பது நிலத்தின்மீது விதிக்கப்பட்ட இறை, உழவன் அளந்தே தீர வேண்டிய நெல். குடிமை என்பதும் அத்தகையதே. குடிகள் செலுத்த வேண்டிய வரியையும் செய்ய வேண்டிய ஊழியத்தையும் அது குறித்தது. பின்னாளில் அதே சொல் அறவுரை மேடை ஏறிற்று. நெஞ்சின் குரல் என்றும், உயர்ந்தோர் இயல்பு என்றும் புகழ் பெற்றது. வரிப்புத்தகத்திலிருந்து அறநூலுக்கு வந்த சொல், வரும்போது தன் பழைய வழக்கத்தை விட்டுவிட்டு வந்ததா? அளப்பவன் ஒருவன், அளந்து வாங்குபவன் வேறொருவன் என்ற அந்த ஏற்பாடு இன்றும் அச்சொல்லுக்குள் ஒளிந்து கிடக்கிறதா? இந்த ஐயத்தோடுதான் நாம் ஒரு திரைப்படத்தை ஆராயப் புகுகின்றோம்.

படம் பலரும் பார்த்த படம். பார்த்தவர்களிற் பலர் அழுத படம். ‘தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்’ என்பது அதன் பெயர். உதகையைச் சேர்ந்த கார்த்திகி கொன்சால்வ்ஸ் இயக்கியது. குனீத் மோங்கா தயாரித்தது. 2022 டிசம்பரில் வெளிவந்தது. நாற்பது நிமிடங்களுக்குட்பட்ட இந்த ஆவணப்படம் 2023 மார்ச்சில் ஆஸ்கர் விருதைப் பெற்றது. அதன் களம் தெப்பக்காடு யானைகள் முகாம். மசினகுடியிலிருந்து முதுமலைக் காட்டுச் சாலையில் எட்டுக் கிலோமீட்டர் அளவு சென்றால் மாயாற்றங்கரையில் இருக்கும் அந்த முகாம், ஏறத்தாழ நூறாண்டுப் பழைமை உடையது. ஒரு காலத்தில் வெட்டிய மரங்களை இழுப்பதற்காக யானைகளைப் பழக்கிய இடம். படத்தின் மாந்தர் காட்டுநாயக்கர் குடியைச் சேர்ந்த பொம்மனும் பெள்ளியும். மின்சாரம் தாக்கித் தாயை இழந்து, காயத்தோடு 2017 இல் வந்து சேர்ந்த ரகு என்னும் ஆண்குட்டியை இருவரும் வளர்க்கின்றனர். பிறகு அம்மு என்னும் பெண்குட்டி வருகிறது. குட்டிகளை வளர்த்தபடியே இருவரும் மணம் புரிந்துகொள்கின்றனர். ரகு வளர்ந்ததும் வனத்துறை அதனை வேறொரு பாகனிடம் ஒப்படைக்கிறது. இருவரும் அழுகின்றனர், அம்முவும் ஏங்குகிறது, நாமும் கண் கலங்குகிறோம்.

கண்ணீரைக் குறை கூற வந்தோமல்லோம். ஒளிப்பதிவின் பொறுமை பாராட்டத்தக்கது. தமிழ் மண்ணின் பழங்குடி முதியோர் இருவரைக் கேலிப்பொருளாகவும் காட்சிப்பொருளாகவும் ஆக்காமல், பேசத் தெரிந்த மனிதராக உலகத்தின் முன் நிறுத்திய துணிவும் பெரிது. ஆயினும் படம் முடிந்து விளக்கெரிந்த பின் ஒரு கேள்வி எழாமற் போகாது. இவர்கள் செய்தது என்ன? அன்பா? கடமையா? ஊதியம் பெறும் பணியா? விரும்பிச் செய்தார்களா, விதிக்கப்பட்டுச் செய்தார்களா?

படம் தரும் விடை அதன் பெயரிலேயே இருக்கிறது. யானைகளிடம் கிசுகிசுப்போர் என்பது அதன் பொருள். ஏதோ மறைமொழி அறிந்தவர்கள், பிறக்கும்போதே யானையின் உள்ளம் உணரும் வரம் பெற்றவர்கள் என்ற மயக்கம் அத்தலைப்பில் தொனிக்கிறது. காட்டோடு ஒன்றியவர்கள், தலைமுறை தலைமுறையாக யானையோடு வாழ்ந்தவர்கள், ஆகவே இது அவர்கட்கு இயல்பு என்று படம் மெல்லிய குரலில் பல இடங்களில் சொல்லிச் செல்கிறது. இயல்பு! எத்தனை இனிமையான சொல்! மீனுக்கு நீந்துதல் இயல்பு, குயிலுக்குக் கூவுதல் இயல்பு, காட்டுநாயக்கருக்கு யானை வளர்த்தல் இயல்பு! இப்படித்தானே குயவன் மகனுக்குச் சக்கரமும், சலவைத் தொழிலாளி மகனுக்குத் துறையும், துப்புரவுத் தொழிலாளி மகனுக்குத் துடைப்பமும் இயல்பென்று இந்நாட்டிற் கூறி வந்தார்கள்? பிறப்பினால் தொழில் என்பதை நூலெழுதி நிலைநாட்டினார்கள் சிலர். படம் எடுத்தவர்களுக்கு அந்த நோக்கம் துளியும் இல்லை என்பதை நாம் உளமார ஒப்புகிறோம். ஆனால் அன்பு மிகுந்த கண்ணோட்டமும் அறியாமலே அந்தப் பழைய பள்ளத்தில் கால் வைத்துவிடக் கூடும் என்பதைத்தான் சுட்டுகிறோம்.

அதனால் விளையும் கேடு என்ன? பொம்மனுடைய பெருமையை அது பறித்துவிடுகிறது. நெருப்பு சுடுவதற்காக நெருப்பை யாரும் பாராட்டுவதில்லை. வேறுவிதமாக நடந்திருக்க முடிந்தும் இவ்விதம் நடந்தவனையே உலகம் பாராட்டுகிறது. இயல்பினாற் செய்தான் என்று சொல்லிவிட்டால், தேர்ந்து செய்தான் என்ற புகழ் அவனுக்கு இல்லை. ஊழ் என்னும் பெயரால் ஓர் அதிகாரம் செய்த வள்ளுவர், முயற்சியின் பெருமை பேச ஆள்வினையுடைமை என்று வேறோர் அதிகாரமும் செய்தார். இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி உரையாசிரியர்கள் மோதிக்கொண்டது போதும். மனிதனைப் பாராட்ட வேண்டுமானால் இரண்டாவது அதிகாரம் இல்லாமல் முடியாது என்பது மட்டும் இங்கே நமக்குப் போதுமானது.

உண்மையில், படத்தைக் கூர்ந்து நோக்குவோர்க்கு இயல்பு என்னும் விடையைப் படமே மறுப்பது தெரியும். பெள்ளி யார்? தன் முதற் கணவரைப் புலிக்குப் பறிகொடுத்தவர், மகளையும் இழந்தவர். காட்டின்மீது அச்சமும் வெறுப்பும் கொள்ள அவரைவிட நியாயம் உடையவர் எவர்? அந்தக் காட்டின் குட்டி ஒன்று பால் கேட்டுக் கதறும்போது, அவர் கை நீட்டியது இயல்பின் இழுப்பாலா? இல்லை. அச்சத்தையும் துயரையும் ஒருபுறம் ஒதுக்கி வைத்துவிட்டு அவர் எடுத்த முடிவு அது. தாயில்லா யானைக் குட்டி பிழைப்பது அரிது. சில மணி நேரத்துக்கொரு முறை பால் புகட்ட வேண்டும், இரவிலும் விழித்திருக்க வேண்டும். முதல் இரவில் இரக்கம் விழித்திருக்கும். பத்தாம் இரவில் இரக்கம் உறங்கிவிடும். அப்போதும் எழுந்து செல்லும் கால்களை எழுப்புவது எது?

ஜெர்மானிய மெய்யறிஞர் கான்ட் 1785 இல் வெளியிட்ட அறவியல் நூலிற் கேட்டதும் ஏறத்தாழ இதே கேள்விதான். வாடிக்கை போய்விடும் என்று அஞ்சி அளவு குறைக்காத கடைக்காரனை அவர் காட்டுகிறார். அவன் செய்கை சரியானது, ஆனால் அறத்தின் பொருட்டுச் செய்ததன்று என்கிறார். பிறர்க்கு உதவுவதில் இன்பம் காண்பவனைக் காட்டுகிறார். அவன் இனியவன், ஆனால் அவன் செய்கையில் அறத்தின் தனிப்பெருமை வெளிப்படவில்லை என்கிறார். துயரால் நெஞ்சு வறண்டு, பிறர்மீது இரக்கமே எழாத நிலையிலும், செய்ய வேண்டியது என்பதற்காகவே உதவுபவனைக் காட்டி, இங்கேதான் அறம் ஒளிர்கிறது என்கிறார். ‘நண்பர்க்கு மகிழ்ச்சியோடு உதவுகிறேனே, ஐயோ, நான் அறமில்லாதவனா’ என்ற பாங்கில் ஷில்லர் என்னும் கவிஞர் இதனை நையாண்டி செய்தார். நையாண்டி சுவையானது; ஆனால் கான்டுக்கு அநீதி செய்வது. அன்பு கூடாதென்று அவர் சொல்லவில்லை. அன்பு வற்றிய இடத்திலும் வற்றாத ஒன்றை அவர் தேடினார். பெள்ளியின் பத்தாம் இரவில் அது இருக்கிறது.

கான்டின் மற்றொரு கருத்தும் நமக்கு வேண்டியது. அறம் விதிக்கும் சட்டத்தை வெளியிலிருந்து எவனும் நம்மீது சுமத்த முடியாது. நம் அறிவே நமக்கு விதித்துக்கொள்வதுதான் அறம் என்றார் அவர். ஆண்டவன் கட்டளை, அரசன் கட்டளை, மரபின் கட்டளை எதுவும் அந்தத் தகுதி பெறாது. தன்மதிப்பு இயக்கம் இந்நாட்டில் 1925 முதற்கொண்டு சொல்லி வந்த ஒன்றைக் கோனிக்ஸ்பர்க் நகரின் பேராசிரியர் வேறு மொழியிற் சொல்லியிருக்கிறார் என்று நாம் மகிழலாம். கடமை, கண்ணியம், கட்டுப்பாடு என்று அறிஞர் அண்ணா அடுக்கியபோது, கடமையின் தோளோடு தோளாகக் கண்ணியத்தை நிறுத்தியதன் நுட்பமும் இதுவே என்பது நம் கருத்து. கண்ணியம் அருகில் இல்லையேல் கடமை என்பது ஏவலுக்கு இட்ட நல்ல பெயர்.

இனிப் படத்தின் நடுப்பகுதிக்கு வருவோம். ரகுவைப் பிரித்துக்கொண்டு போகும் பகுதி. படத்தின் உயிர்நிலை இதுதான். படம் மிக விரைவாகக் கடந்து போகும் இடமும் இதுதான். வனத்துறை முடிவு செய்கிறது; குட்டி போகிறது; இருவரும் அழுகின்றனர்; பிறகு அம்மு, பிறகு ஆறு, பிறகு மாலை வெயில். முடிவு செய்தவர் எவர்? எந்த அறையில், எந்தக் காரணத்தால்? வளர்த்தவர்களைக் கேட்டார்களா? படம் கேட்கவில்லை. பிரிவை மழையும் வெயிலும் போல இயற்கையின் செயலாகக் காட்டிவிட்டு நகர்கிறது. வளர்ந்த ஆண் யானைக்கு வலிய பாகன் வேண்டும் என்று துறையினர் சொல்லக்கூடும். அதில் நியாயமும் இருக்கலாம். முடிவு தவறென்று நாம் வாதிடவில்லை. குட்டியை ஏற்கும் நாளில் ‘உங்கள் அன்பு’ என்று அழைக்கப்பட்டது, குட்டியைக் கொடுக்கும் நாளில் ‘துறையின் உடைமை’ என்று மாறிவிட்டதே, அந்த மாற்றத்தைத்தான் காட்டுகிறோம். அன்பு என்றால் அன்பு கேட்கும் உரிமையையும் தர வேண்டும். பணி என்றால் பணிக்குரிய பெயரையும் ஊதியத்தையும் தர வேண்டும். ஊதியம் கேட்டால் அன்பைக் காட்டுவதும், அன்பைக் காட்டினால் ஆணையைக் காட்டுவதும் எந்த அறம்?

விருதுக்குப் பின் நடந்தவை இதற்கு உரை எழுதுவன போல அமைந்தன. 2023 மார்ச்சில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இருவரையும் அழைத்துப் பாராட்டி ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய் வழங்கினார். அத்தோடு நில்லாமல், தெப்பக்காடு, கோழிகமுத்தி முகாம்களிற் பணிபுரியும் 91 பேருக்கும் ஒரு லட்சம் வீதம் வழங்கவும், அவர்களுக்கு வீடு கட்ட 9 கோடியே 10 லட்சம் ரூபாய் ஒதுக்கவும் அறிவித்தார். படம் இருவரைக் கண்டது. அரசாணை 91 பேரைக் கண்டது. கலை காணத் தவறிய எண்ணிக்கையைக் கணக்கு கண்டது என்று சொன்னால் கலைஞர்கள் வருந்தலாம், உண்மை அதுதான். அதே ஆண்டு ஆகஸ்டில் பெள்ளிக்குக் காவடிப் பணிக்கான ஆணை வழங்கப்பட்டது. தமிழ்நாட்டின் முதல் பெண் காவடி என்று ஏடுகள் எழுதின. பாகனுக்குத் துணையாக நின்று யானைக்குத் தீனியும் நீராட்டும் பார்ப்பவர் காவடி. பெள்ளி அந்த வேலையை உலகறியச் செய்து முடித்த பிறகு, அந்த வேலைக்குரிய பெயர் அவரை வந்தடைந்தது! அதே ஆகஸ்டில் பணம் குறித்துப் படக்குழுவினர்க்கு வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பப்பட்டதும், படக்குழுவினர் அதனை மறுத்ததும் செய்தியாயின. அந்த வழக்கில் நாம் தீர்ப்புக் கூறப் போவதில்லை. பெண் செய்யும் பேணுதலைத் தாய்மை என்று போற்றுவதும், தாய்மைக்குக் கூலி ஏது என்று கேட்பதும் ஒரே நாவின் இரு பேச்சு என்பதை மட்டும் குறித்து வைப்போம். 1982 இல் கரோல் கில்லிகன் என்னும் அமெரிக்க அறிஞர், பேணுதலும் ஓர் அறநெறியே, நீதியின் தராசு மட்டும் அறமாகாது என்று நூல் எழுதினார். அது பெரிய உண்மை. ஆனால் பேணுவோரைத் தராசிலேயே ஏற்றாமல் விடுவதற்கு அந்த உண்மையைச் சாக்காக்குவோரும் உண்டு.

‘அப்படியானால் விருப்பம்தான் எல்லாமா? மறுக்கும் உரிமை இருந்தால் போதுமா?’ என்று ஒரு நண்பர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. விடை சொல்ல மசினகுடிக்கே போவோம்.

2021 ஜனவரியில் மசினகுடிக்கருகே, ஏற்கெனவே முதுகிற் புண்பட்டுத் தளர்ந்திருந்த ஒரு காட்டு யானை தங்கும் விடுதி ஒன்றின் பக்கம் வந்தபோது, எரியும் டயரை அதன்மீது வீசினார்கள். காதிற் பற்றிய தீயோடு அது பிளிறி ஓடிய காட்சியை நாடே பார்த்தது. ஜனவரி 19 அன்று, மருத்துவத்துக்காகத் தெப்பக்காட்டுக்குக் கொண்டுசெல்லும் வழியில் அது இறந்தது. தும்பிக்கையைப் பற்றிக்கொண்டு தேம்பி அழுத வனப்பணியாளரின் காட்சியையும் நாடு பார்த்தது. எரியும் டயரை வீசியவர்களை எவரும் ஏவவில்லை. பசி ஏவவில்லை, மரபு ஏவவில்லை, மேலதிகாரி ஏவவில்லை. முழு உரிமையோடு, முழு விருப்பத்தோடு செய்த செயல் அது! விருப்பம் மட்டுமே அறமாகும் என்போர் அந்தக் கருகிய காதைப் பார்க்கட்டும். அழுத பணியாளரோ ஊதியத்துக்கு வேலை செய்தவர். கண்ணீர் விட வேண்டும் என்று எந்த ஆணையும் அவருக்கு இல்லை. ஏவப்பட்ட பணியின் நடுவே ஏவப்படாத ஒன்று முளைத்திருக்கிறது. இங்கே கான்ட் நமக்குக் கைகொடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். விலங்குகளுக்கு நேரடியாக நாம் கடமைப்பட்டவரல்லோம். விலங்கிடம் கொடுமை பழகியவன் மனிதரிடமும் கொடியவனாவான் என்பதற்காகவே அது தவறு என்றார் அவர். யானையின் தீப்புண்ணுக்கு இவ்வளவு சுற்றுவழி எதற்கு? துன்புறக் கூடுமா என்பதுதான் கேள்வி என்று 1789 இல் பெந்தாம் சொன்னது நேரானது.

ஆகவே நாம் வந்து சேரும் இடம் இது: கடமை விருப்பத்தினாற் பிறப்பதன்று. கதறும் குட்டி நம் விருப்பத்தைக் கேட்டுக்கொண்டு கதறுவதில்லை. அதன் தேவையே நம்மைக் கட்டுகிறது. ஆனால் ‘நம்மை’ என்றால் யாரை? இங்கேதான் வஞ்சகம் நுழைகிறது. ரகுவின் தாயைக் கொன்றது மின்சாரம். மின்சாரம் எவருக்கு? மசினகுடிக்கு மேலே சிங்காராவில் 1932 முதல் பைக்காரா நீர் மின்சாரமாகிறது. அது கோவையின் ஆலைகளைச் சுழற்றிற்று, சமவெளியின் விளக்குகளை ஏற்றிற்று. அந்த வேலைகளுக்காக வந்து குடியேறியோரால் வளர்ந்த ஊர் மசினகுடி. விளக்கின் ஒளி நமக்கு, விடுதியின் வாரக்கடைசி நமக்கு, சாலையின் விரைவு நமக்கு. தாயற்ற குட்டிக்கு இரவில் எழுந்து பால் கொடுக்கும் கடமை மட்டும் காட்டுநாயக்கருக்கு! தேவை எல்லோரையும் கட்டும்போது, கடனைப் பிறப்பின் பெயரால் ஒரு குடிமீது எழுதிவிட்டுக் கண்ணீரை நாம் வைத்துக்கொண்டோம்.

அரசியலமைப்பில் 51அ என்னும் பகுதி, காடுகளையும் காட்டுயிர்களையும் காத்தலும் உயிர்களிடம் இரக்கம் காட்டலும் ஒவ்வொரு குடிமகனின் அடிப்படைக் கடமை என்கிறது. அது 1976 இல் நாற்பத்திரண்டாம் திருத்தத்தால் வந்தது. அந்த ஆண்டை நினைவூட்டுவது நம் பணி. நெருக்கடி நிலையில் உரிமைகள் உறங்கவைக்கப்பட்டிருந்த ஆண்டு. தமிழ்நாட்டு அமைச்சரவை ஜனவரி 31 அன்று கலைக்கப்பட்ட ஆண்டு. மறுக்கும் வாயை அடைத்துவிட்டுக் கடமைகளின் பட்டியலை எழுதினார்கள்! எழுதிய வாசகம் அழகானது, ஐயமில்லை.

சீகூர் மேட்டுநிலத்தில் யானை வழித்தடம் 2010 இல் அறிவிக்கப்பட்டது. உயர்நீதிமன்றம் 2011 இலும் உச்சநீதிமன்றம் 2020 அக்டோபர் 14 அன்றும் அதனை உறுதி செய்தன. விடுதிகள் அகல வேண்டும் என்ற தீர்ப்பை நாம் வரவேற்கிறோம்; கொள்ளையின் உரிமை உரிமையாகாது. ஆனால் வழித்தடத்தின் எல்லைக்குள் விடுதி முதலாளி மட்டுமா வாழ்கிறான்? சிறு உழவனும் மாடு மேய்ப்பவனும் வாழ்கிறார்கள். புலிக்காப்பகங்களின் உட்பகுதியிலிருந்து மக்களை இடம்பெயர்ப்பதற்குக் கிராமசபையின் ஒப்புதலும், அவரவர் விவரமறிந்து தரும் இசைவும் வேண்டும் என்று 2006 இல் காட்டுயிர்ச் சட்டத்திலேயே எழுதப்பட்டது. ‘விருப்ப இடப்பெயர்வு’ என்று அதற்குப் பெயர். முதுமலையின் உட்பகுதிச் சிற்றூர்கள் சிலவற்றிலிருந்தும் குடும்பங்கள் இவ்வாறு வெளியேறின. குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் என்பது அப்போதைய அளவு. சாலை தராமல், விளக்குத் தராமல், பள்ளி தராமல் பல்லாண்டு வைத்திருந்துவிட்டு ‘போக விருப்பமா’ என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்? 1945 இல் பாரிசில் ஆற்றிய உரையில் சார்த்தர் ஒரு மாணவனைப் பற்றிச் சொன்னார். தாயோடு இருப்பதா, நாட்டுக்காகப் போரிடச் செல்வதா என்று அவன் தவித்தான், நீயே தேர்ந்துகொள் என்றாராம் அவர். அந்த மாணவனுக்கு இரண்டு கதவுகளாவது திறந்திருந்தன. ஒரு கதவை அடைத்துவிட்டு மறு கதவருகே நின்று ‘உன் விருப்பம்’ என்பது வேறு.

இவ்வளவையும் நாற்பது நிமிடப் படம் சொல்ல வேண்டுமா என்று கேட்பீர்கள். எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. ரகு பிரியும் காட்சியில் ஒரே ஒரு கேள்வியை, ‘உங்களைக் கேட்டார்களா?’ என்ற கேள்வியை, பொம்மனிடம் கேட்டிருந்தாற் போதும். அவர் விடை எதுவாயினும், படம் வேறொரு படமாகியிருக்கும். கேளாமல் விட்டதை இனி முகாம் கேட்கட்டும். அடுத்த தாயற்ற குட்டி தெப்பக்காட்டுக்கு வரும் நாளிலும், அது வளர்ந்து வேறு கைக்கு மாறும் நாளிலும், வளர்ப்பவரை அழைத்துக் கேட்டுக் கையொப்பம் பெறும் ஏடு ஒன்று அங்கே இருக்கட்டும். ‘இயலாது’ என்று எழுதவும் அந்த ஏட்டில் ஓர் இடம் விட்டிருக்கட்டும்.